பைஸ்டாண்டர் யார்? தனியாகச் சிகிச்சைக்கு வந்த ஒரு பால்வெட்டுக்காரர்: நிகழ்வு ஆய்வு

எங்கள் மருத்துவமனைப் படிவத்தில் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதிய பிறகு ஒரு கட்டம் வரும். ‘நோயாளியுடன் வந்தவர்’ என்று அச்சாகியிருக்கும். குமரி மாவட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மலையாள நாட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டு ‘பைஸ்டாண்டர்’ என்றுதான் கேட்போம். அவரிடமும் கேட்டேன்.

“வெளியே நிற்கிறான்” என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மாலை நான்கு மணிக்கு அவர் ஃபைலை மஞ்சள் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பும்வரையிலும் ஒருவரும் வரவில்லை.

அவருக்கு வயது 67. குலசேகரத்துக்கு மேலே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் பால்வெட்டுத் தொழில். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் மஸ்கட்டில், மகள் கோயம்புத்தூரில். நான் அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் தவறுகளை மாற்றவில்லை.

நோயும் திட்டமும்

இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. வேறு தொழில் செய்பவராக இருந்தால் தூக்கம் கெடுகிறதே என்று சீக்கிரம் வந்திருப்பார். பால்வெட்டுக்காரர் அதிகாலை இரண்டரை மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறவர். “எப்படியும் விழித்துத்தானே கிடக்கிறேன்” என்று ஓராண்டைக் கடத்திவிட்டார். ஜூன் மாதம் மழையில் வெட்டு நின்றிருந்த ஒரு நாள் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டது. குழாய் போட்டு வெளியேற்றிய பிறகுதான், சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பியான புராஸ்டேட் என்ற சொல்லையே அவர் முதன்முறையாகக் கேட்டார்.

அடைப்பு தணிந்த பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு 38. பொதுவாக 4-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் மேற்கொண்டு பார்க்கத் தொடங்குவார்கள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சியில் புற்றுநோய் தெரிந்தது; அதன் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 4+4, அதாவது 8, வீரியம் கூடியது. நல்ல செய்தி ஒன்றும் இருந்தது: எலும்பு ஸ்கேனில் பரவல் இல்லை. அபாயம் கூடிய நிலைதான், ஆனால் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய நிலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி இரண்டு ஆண்டுகளுக்கு. அதற்கிடையே 20 நாள் கதிர்வீச்சு. இந்தப் பக்கம் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அதிலிருந்து வந்தவை. புராஸ்டேட் புற்றணுக்கள் ஆண் ஹார்மோனை உண்டு வளர்பவை என்று 1941-இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அன்று அந்த ஹார்மோன் சுரக்கும் விரைகளை அறுத்து எடுத்தார்கள். இன்று அந்தச் சுரப்பை ஊசியால் நிறுத்திவைக்கலாம். நோய் பட்டினி கிடக்கும். உடம்பும் சேர்ந்து பட்டினி கிடக்கும். தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறலாம், உடலுறவு நாட்டம் போகும், திடீர் திடீரென்று உடம்பு பற்றி எரியும், மனம் தளரும். இவற்றையெல்லாம் மருத்துவர் அவரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். கூட இருந்து கேட்டுக்கொள்ள ஒருவர் இல்லாதபோது அந்தத் தலையாட்டலுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதை இந்த வேலையில் இருக்கும் யாரும் அறிவார்கள்.

ஏன் தனியாக

ஆள் இல்லாமல் அவர் தனியாக வரவில்லை. அக்கம்பக்கத்தில் வீடுகள் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கும் தங்கை மகன் உண்டு. வாரந்தோறும் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்லும் அன்பியம் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணும் உண்டு. அத்தனை பேர் இருந்ததுதான் அவருக்குப் பயம்.

நோய் இருக்குமிடம் அப்படி. நெஞ்சில் கட்டி என்றால் சொல்லிக்கொள்ளலாம், வயிற்றில் என்றாலும் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? “அன்பியத்தில் தெரிந்தால் நோயின் பெயரைச் சொல்லி, என் பெயரையும் சொல்லி, உரக்க ஜெபிப்பார்கள்” என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கதிர்வீச்சை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வழி இருந்தது. அவர் திருவனந்தபுரம் போகிறேன் என்று நின்றார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண் இது. பெரிய நோய் என்றால் இன்றும் கால்கள் தாமாகவே வடக்கே நடக்கும். அதனால் முதலில் நான் வியக்கவில்லை. குழித்துறையிலிருந்து ரயிலில் போகலாம், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை உண்டு என்றேன். சலுகைப் படிவத்தைக் கவுன்ட்டரில் நீட்ட வேண்டும், வரிசையில் ஊர்க்காரன் எவனாவது நிற்பான் என்றார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைச் சொன்னேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அதற்கும் பதில் இல்லை. பிறகு தெரிந்தது: பதிவு செய்ய ரேஷன் கார்டு கேட்பார்கள். கார்டில் மனைவியின் பெயர் இன்னும் இருந்தது. எடுத்துக் காட்டினால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்களோ என்று கார்டையே வெளியில் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

என் தவறு

முதல் ஊசி போட்ட ஆறாவது வாரம் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை அவரிடம் வாசித்தேன். 27-க்கு 14 வந்தது; நடுத்தரச் சோர்வு. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் பற்றியது. ‘சில நாட்கள்’ என்றார். சுற்றி வளைக்காமல் நேரே கேட்டேன்: தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உண்டா?

“சாக வேண்டுமென்று இல்லை. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று தோன்றும்.”

திட்டம் எதுவும் இல்லை, முன்பு முயன்றதும் இல்லை. மனநல மருத்துவரிடம் அன்றே காட்டினோம். எந்நேரமும் அழைக்கக்கூடிய டெலி மானஸ் எண் 14416-ஐ அவருடைய ஃபைலின் பின்னட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதுவரை செய்தது சரி. புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த முதல் மாதங்களில் தற்கொலை அபாயம் கூடுவதைச் சுவீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை அவரிடம் கேட்காமல் மஸ்கட்டுக்கு அழைத்தேன்.

மகன் நல்ல பையன். பதறிவிட்டான். பதறியவன் பக்கத்து வீட்டுக்கு அழைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் சந்திப்பில் உள்ள டீக்கடையில் வைத்துத் தங்கை மகனிடம் விசாரித்தார். மூன்றாம் நாள் கடையில் நுழைந்தவருக்கு எல்லோரும் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக.

உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் இரகசியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும். இங்கே அப்படி இல்லை. என் பயத்தைத் தணித்துக்கொள்ளத்தான் அழைத்தேன் என்பதே நேர்மையான பதில். அதன் விலையை அவர் கொடுத்தார். இரண்டாவது ஊசிக்கு வரவில்லை. நான் அழைத்தால் போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் போனது.

வீட்டில்

பார்க்கப் போனேன். முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் வெள்ளை வேட்டிகளைப் போல் சொட்டிக்கொண்டிருந்தன. திண்ணையில் ஒட்டுப்பால் மூட்டை, சிரட்டையில் உறைந்துபோன ரப்பர்ப் பால். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: “காய்ச்சல் வந்தால் வந்து நிற்கும். இது என்ன, கால் மணி நேரத்தில் போய்விடுகிறது?”

ஊசி போட்டதிலிருந்து தினமும் நாலைந்து முறை மார்பிலிருந்து முகம்வரை எரிந்து வியர்த்திருக்கிறது. டெங்கு என்று நினைத்துப் பாரசிட்டமால் விழுங்கியிருக்கிறார். தோட்டத்தில் முப்பதாவது மரத்தில் தொடங்கி நாற்பதாவது மரத்தில் அடங்குமாம். மரக்கணக்கில் நேரம் சொன்னார். அதோடு இன்னொன்று: மரத்தில் கட்டிய சிரட்டை நிறைந்து பால் வழிவதைப் பார்த்து ஒருநாள் அழுதுவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. மூளை கலங்குகிறது என்று முடிவுகட்டி ஊசியை விட்டிருக்கிறார். ஆக, ஊசி தவறியதற்கு என் தவறு பாதிக் காரணம்தான். மருத்துவர் சொல்லி அவர் தலையாட்டிய அந்த நாள் மறுபாதி.

எரிச்சலும் அழுகையும் ஊசியின் வேலை, அவருடைய மூளையின் வேலை அல்ல என்று விளக்க ஒரு டம்ளர் கட்டன்சாயா குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது. மறுநாள் வந்து ஊசி போட்டுக்கொண்டார்.

யாருக்கு எவ்வளவு

2013-இல் அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. புராஸ்டேட் உள்ளிட்ட பத்து வகைப் புற்றுநோய்களில், மணவாழ்வில் இருந்தவர்களுக்கு நோய் முற்றும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது, முறையான சிகிச்சை கிடைத்தது, உயிர் பிழைப்பதும் கூடுதலாக இருந்தது. அன்பு காப்பாற்றுகிறது என்று இதைப் படிக்கலாம். நான் சில்லறைக் கணக்காகவே படிக்கிறேன்: தேதியை நினைவூட்டுவது ஒரு வேலை, ஃபைலைச் சுமப்பது ஒரு வேலை, மருத்துவர் சொன்னதை இரண்டாவது காதில் வாங்கிக்கொள்வது ஒரு வேலை, கஞ்சி வைப்பது ஒரு வேலை. மனைவி என்ற ஒருத்தி இதையெல்லாம் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். அவள் இல்லாதபோது ஒரே ஆளை அந்த இடத்தில் தேடினால் கிடைக்காது. வேலைகளைப் பிரித்தால் கிடைக்கும்.

பழைய ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். முதல் பத்தியில் வேலை, அடுத்ததில் ஆள், மூன்றாவதில் அந்த ஆளுக்கு எவ்வளவு தெரியலாம் என்பது. மூன்றாவது பத்தி அவர் கேட்டு வாங்கியது, எனக்குத் தோன்றியிருக்காது. டீக்கடையில் கசிந்தது ‘கேன்சர்’ என்ற ஒரு சொல்தான். எந்த இடத்தில் என்பது இன்னும் அவர் கையில் இருந்தது.

தங்கை மகனுக்கு எல்லாம் தெரியலாம். கையெழுத்துப் போட வேண்டியவன், மருத்துவமனையிலிருந்து அழைப்பு போக வேண்டிய எண் அவனுடையது. ஆட்டோக்காரருக்கு நேரம் மட்டும். மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு, ஊசியால் சர்க்கரை ஏறலாம், அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது வரை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு, காரம் குறைந்த கஞ்சி வேண்டும், பயறும் மரச்சீனிக்கிழங்கும் சில வாரத்துக்கு வேண்டாம் என்பது மட்டும். அந்தக் கஞ்சியைச் சும்மா வாங்க மறுத்தார். அக்கா வீட்டைச் சுற்றியுள்ள புரயிடத்தில் வெட்டாமல் விட்டிருந்த பதினோரு மரத்தை வெட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. தசை கரையாமலிருக்க உடம்பை அசைக்கச் சொல்லியிருந்த மருத்துவர் இதைக் கேட்டு மகிழ்ந்தார். தோட்டத்தில் 300 மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

அன்பியத்துக்கு அவரே ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தார்: ‘பயணத்தில் இருக்கும் ஒருவருக்காக.’ வாரந்தோறும் அப்படித்தான் ஜெபித்தார்கள். யாருக்காக என்று அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

மகனிடம் அவரே பேச வேண்டும் என்றேன். பேச வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குத் தோட்டத்திலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் போனை நீட்டியபோது கேட்டேன். நாற்பது விநாடி. அதில் பாதிக்கு மேல் கத்தி பட்டையைச் சீவும் சத்தம்தான். நடுவில், “ஊசி போடுகிறார்கள். பயப்படும்படி இல்லை. நீ இனிமேல் என்னிடமே கேள்” என்று மட்டும். அன்றிலிருந்து மகன் வெள்ளிக்கிழமைதோறும் அவரையே அழைக்கிறான்.

திருவனந்தபுரம் போகும் பேச்சு தானாகவே நின்றது. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு தங்கை மகனோடு நாகர்கோவில் போய்க் காப்பீட்டில் பதிந்துகொண்டார். மனைவியின் பெயரைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லையாம்.

தண்ணீர்

நவம்பர் முதல் வாரம் கதிர்வீச்சு தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கு வாரம், 20 முறை, கதிர்வீச்சின் அளவு மொத்தம் 60 கிரே. முன்பு ஏழெட்டு வாரம் இழுத்ததை இப்படிச் சுருக்கலாம் என்று 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உறுதிசெய்தது. தனியாக வருகிறவருக்கு இது பெரிய உதவி. பஸ் பயணம் பாதியாகிறது.

கதிர்வீச்சு மேசையில் படுப்பது சில நிமிடம்தான். சிரமம் அதற்கு முன்னால். மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பை நிறைந்தால்தான் குடலும் பையின் பெரும்பகுதியும் கதிரின் வழியிலிருந்து விலகும். எனவே சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஏற்கெனவே அடக்க முடியாத நோய் வந்தவரிடம் அடக்கு என்று சொல்கிறோம்.

மூன்றாம் நாள் இயந்திரம் நின்றுவிட்டது. சரியாகப் பத்து நிமிடம் என்றார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் என்றார்கள். அவர் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. பைஸ்டாண்டர் இருந்திருந்தால் கதவைத் தட்டி, “இவரால் முடியவில்லை, போய்விட்டு வரட்டுமா?” என்று கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. நாற்காலியிலேயே நனைந்துவிட்டது. தோர்த்துத் துண்டை அவிழ்த்து மேலே சுற்றிக்கொண்டு, அன்றைய கதிர்வீச்சையும் வாங்கிக்கொள்ளாமல், ஈர வேட்டியோடு இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போயிருக்கிறார். பஸ்ஸில் இடமிருந்தும் உட்காரவில்லையாம்.

இது எனக்கு அவரிடமிருந்து தெரியவில்லை. கண்டக்டரிடமிருந்து தெரிந்தது. கண்டக்டர் என்பவர் அரசுப் பேருந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சையை முடித்தவர். இருவரையும் முதல் நாளே ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். இந்த நோயைப் பற்றி ஆண் ஒருவர் பெண் ஒருத்தியிடம் ஓரளவுக்கு மேல் பேசமாட்டார் என்பது தெரிந்ததால்தான். அன்றிரவு கண்டக்டர் எதற்கோ அழைக்க, இவர் சொல்லியிருக்கிறார். “எனக்கு இரண்டு தடவை ஆயிற்று அண்ணே” என்றாராம் கண்டக்டர்.

மறுநாள் இருவருமாகக் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போய்ப் பேசினார்கள். விளைவு: இயந்திரம் ஓடுகிறதா, முன்னால் எத்தனை பேர் என்று கேட்ட பிறகே தண்ணீர். தொழில்நுட்பர் விரல் காட்டினால் குடிக்கத் தொடங்கலாம். தாமதமானால் போய்விட்டு வந்து மறுபடி குடிக்கலாம். அதைக் குற்றமாக நினைக்க வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. அரை லிட்டருக்கு நேராகப் பாட்டிலில் ரப்பர் பாலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். எல்லா நோயாளிக்கும் இப்போது இதையே சொல்கிறோம். இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை.

கோடு போட்ட இன்னொரு இடம்

முதல் நாள் மதிப்பீட்டுப் படிவத்தில் உடலுறவு நலம் பற்றி மூன்று கேள்விகள் உண்டு. மனைவி இல்லாதவர், 67 வயது. அந்த மூன்றின் குறுக்கே நான் கோடு இழுத்திருந்தேன். யாரும் அதைத் தவறாகவும் நினைக்கவில்லை. மருத்துவர் பார்த்தார், கையெழுத்திட்டார்.

கண்டக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதானாம். “ஊசி நின்றால் திரும்ப வருமா?” கண்டக்டர் விவரத்தை என்னிடம் சொல்லவில்லை, கேள்வியை மட்டும் சொன்னார். மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். ஊசி நின்றபின் ஹார்மோன் மெல்ல ஏறலாம், வயதானவர்களுக்கு முழுதும் ஏறாமலும் போகலாம், கதிர்வீச்சும் விறைப்பைக் குறைக்கலாம், அதற்கு மருந்துகள் உண்டு என்று மருத்துவர் பேசியிருக்கிறார். யாருக்காகக் கேட்கிறார் என்ற கேள்வி எங்களுக்குத் தேவையில்லாதது. தன் உடம்பு தனக்கு என்னவாகும் என்று கேட்டிருக்கிறார்.

இப்போது

20 முறையும் முடிந்தது. தவறிய ஒரு நாளைக் கடைசியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சிறுநீர் எரிச்சலும் பேதியும் இருந்தன, முடிந்த ஒரு மாதத்தில் தணிந்தன. சிகிச்சைக்குப் பிந்தைய பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே. ஊசி இன்னும் ஓராண்டுக்கு மேல் பாக்கி. எனவே அந்த எண்ணைப் பார்த்து யாரும் துள்ளவில்லை. மனச்சோர்வு மதிப்பெண் 14-இலிருந்து 7. உடம்பு எரிவது நிற்கவில்லை. இரவில் ஈரத் தோர்த்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். 14416-ஐ ஒருமுறை அழைத்ததாகச் சொன்னார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்க இப்போது கற்றிருக்கிறேன்.

மகனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மகன் அனுப்பும் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறார். டீக்கடைக்கு அவர் திரும்பப் போகவில்லை. அடுத்த சந்திப்பில் உள்ள கடைக்குப் போகிறார்.

சென்ற மாதம் அருமனைப் பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். அதே நோய். அவருடைய பைஸ்டாண்டரும் வெளியே நின்றுகொண்டிருந்தார். கண்டக்டருக்குக் கண்ணறுவைச் சிகிச்சை, வர முடியாது. இவரிடம் கேட்டேன், ஒரு மணி நேரம் வந்து பேச முடியுமா என்று.

“என்னால் ஆகாது மக்களே” என்றார். பிள்ளைகளை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; முதன்முறையாக மேடம் என்று சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்தார்.

“வேட்டி ஒன்று கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெள்ளை வேண்டாம், கலர் கைலியே போதும்.”